மோட்டார் ஹோமில் கழிவு நாற்றம்: எங்கிருந்து வருகிறது, எப்படி நிறுத்துவது?



கோடை விடுமுறை வந்ததும் மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுத்துப் புறப்படும் எமது குடும்பங்கள் இப்போது கூடிவிட்டன. குசினி, கட்டில், மலசலகூடம் எல்லாம் ஒரே வாகனத்தில். வயதானவர்களையும் குழந்தைகளையும் வழியில் எங்கே நிறுத்துவது என்ற கவலை இல்லை. ஆனால் போய்வந்தவர்களிடம் பயணம் எப்படி என்று கேட்டால், ஏரியைப் பற்றியும் காட்டைப் பற்றியும் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொல்வார்கள்: "உள்ளுக்கு ஒரே மணம், டொக்டர்."

இந்தத் தடவை அந்த மணத்தைப் பற்றித்தான் எழுதுகிறோம். இது குழாய் வேலைக்காரரின் விடயம், சுகாதாரப் பக்கத்தில் ஏன் என்று நினைக்க வேண்டாம். எமது வீட்டில் நடந்ததையே முதலில் சொல்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு கிழமைப் பயணம் போனோம். எமது குடும்பத்துடன் மாமியாரும் வந்தார். எழுபத்தாறு வயது, நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. இரண்டாம் நாள் மதியமே வாகனத்துக்குள் கழிவு நாற்றம் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் வாசனைத் திரவியம் அடித்தார்கள். வாகனம் தந்த இடத்துக்குத் தொலைபேசி எடுத்தோம். "மோட்டார் ஹோம் என்றால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். நாமும் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டோம்.

மாமியார் அன்று மாலையிலிருந்து தேநீரை வேண்டாமென்றார். மறுநாள் தண்ணீரும் ஒரு மிடறுதான். நாம் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு குளிர்காய்ச்சல், சலக்கடுப்பு, எழுந்தால் தலைச்சுற்று. அருகிலிருந்த சிறிய நகரத்து வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் வற்றிய நிலை. சேலைன் ஏற்றி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் கொடுத்தார்கள். விடியற்காலையில், ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று கேட்டபோது அவர் மெல்லச் சொன்னார்: "தம்பி, நான் போய்வந்த பிறகுதானே மணக்குது. பிள்ளையள் மூக்கைப் பொத்துதுகள். அதுதான் போகாமல் இருந்தனான்."

முப்பது வருடங்களாக நோயாளிகளைப் பார்க்கும் எமக்கு, பக்கத்து இருக்கையில் இருந்தவரின் துன்பம் தெரியவில்லை. அந்த வெட்கத்துடன்தான் இதை எழுதுகிறோம்.

முகாமுக்குத் திரும்பியதும், பக்கத்து இடத்தில் தங்கியிருந்த ஓய்வுபெற்ற குழாய் வேலைக்காரர் ஒருவர் உதவிக்கு வந்தார். அவர் வாசனைத் திரவியம் கேட்கவில்லை, ஆயுதப் பெட்டியும் திறக்கவில்லை. மூன்று கேள்வி கேட்டார். எப்போது மணக்கிறது? எந்த இடத்தில் கூடுதலாக மணக்கிறது? என்ன செய்த பிறகு மணக்கிறது? நாம் நோயாளியிடம் கேட்கும் கேள்விகளேதான். பதில்களைக் கேட்டதும் அரை மணி நேரத்தில் காரணம் இரண்டையும் காட்டித் தந்தார். அவை என்னவென்று கீழே வரும்.

முதலில் உயிர், பிறகு மூக்கு

நாற்றத்தைத் தேடத் தொடங்குமுன், அது கழிவு நாற்றம்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். மூன்று விடயங்கள் அதைப்போல வேடம் போடும், அல்லது அதன் பின்னால் ஒளிந்திருக்கும்.

ஒன்று, சமையல் எரிவாயு. புரோப்பேன் வாயுவுக்குத் தனக்கென மணம் கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே அழுகிய கோவாவைப் போல, கூழ்முட்டையைப் போல மணக்கும் கந்தகப் பொருளைச் சிறிதளவு கலக்கிறார்கள். கழிவுத் தாங்கியின் நாற்றத்திலும் கந்தகம் இருப்பதால் இரண்டையும் மாறி நினைப்பது சுலபம். புரோப்பேன் காற்றைவிடப் பாரமானது, தரையோடு தேங்கும். அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, சூடாக்கி ஆகியவற்றின் பக்கத்திலோ தரைமட்டத்திலோ நாற்றம் கூடுதலாக இருந்தால், அல்லது வாயு எச்சரிக்கைக் கருவி ஒலித்தால், காரணம் தேடிக்கொண்டு நிற்கக்கூடாது. நெருப்புக்குச்சி தட்ட வேண்டாம், மின்விளக்கை ஏற்றவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்லோரும் வெளியே வாருங்கள். வெளியிலுள்ள எரிவாயு வால்வை எட்ட முடிந்தால் மூடுங்கள். தள்ளி நின்று 911ஐ அழையுங்கள்.

இரண்டு, மின்கலம். ஈய அமில மின்கலம் பழுதாகி அளவுக்கு மீறி மின்னேற்றப்பட்டால் அதுவும் கூழ்முட்டை நாற்றம் விடும். மின்கலப் பெட்டிப் பக்கம் மணந்தால், மின்கலம் சுட்டால், பக்கம் வீங்கியிருந்தால், தொடாமல் விலகி மின்னேற்றத்தை நிறுத்துங்கள். வாகனம் வெளி மின்சாரத்தில் இணைக்கப்பட்டிருந்தால் அதையும் துண்டியுங்கள். அதிலிருந்து வரும் ஐதரசன் வாயு வெடிக்கக்கூடியது. திருத்துநர் பார்க்கட்டும்.

மூன்று, மணமே இல்லாத எதிரி. காபன் மொனொக்சைட், பள்ளியில் நாம் காபனோரொட்சைட்டு என்று படித்தது. ஜெனரேற்றர், இயந்திரம், சூடாக்கி, அடுப்பு எதிலிருந்தும் வரலாம். வாகனத்தில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, சத்தி, மயக்கம், வெளியே வந்ததும் குறைகிறது, உள்ளே போனதும் திரும்புகிறது என்றால் அதைக் கழிவு நாற்றத்தின் மேல் பழிபோட்டுவிட வேண்டாம். எல்லோரும் வெளியேறி 911ஐ அழையுங்கள். கொரோனாக் காலத்தில் பலரும் வாங்கி வைத்த, விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவியை இதில் நம்பவேண்டாம். காபன் மொனொக்சைட் பிடித்த இரத்தத்தையும் அது நல்ல இரத்தமாகவே காட்டும்.

வயது போகப்போக மூக்கின் கூர்மை குறையும். கொரோனா வந்து மணம் குறைந்தவர்களும் எம்மிடையே உண்டு. ஆகவே வாயுக் கருவி, காபன் மொனொக்சைட் கருவி, புகைக் கருவி மூன்றும் வேலை செய்கின்றனவா என்று புறப்படும் நாளிலேயே பொத்தானை அழுத்திப் பாருங்கள். பின்பக்கத்தில் காலாவதித் திகதி இருக்கும், அதையும் வாசியுங்கள்.

இந்த நாற்றம் நோய் தருமா?

கழிவு நாற்றத்தின் முக்கிய பங்காளி ஐதரசன் சல்பைட்டு என்ற வாயு. ஒட்சிசன் இல்லாத இடத்தில் பக்ரீரியாக்கள் கழிவை உடைக்கும்போது உண்டாகிறது. எமது மூக்கு இதில் கெட்டிக்காரன். பத்து இலட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு கூட இல்லாதபோதே பலருக்கு மணக்கும். அந்த அளவில் அது விஷம் அல்ல, ஆனாலும் தலையிடி, குமட்டல், தூக்கமின்மை, பசியின்மை தரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு இறுகலாம். பத்து இலட்சத்தில் நூறு பங்கு என்ற அளவுக்கு ஏறினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்து, மணமே தெரியாமல் போகும். அதற்கும் மேலே போனால் உயிராபத்து. வாகனத்தின் வசிக்கும் பகுதியில் அந்த அளவு வருவது வழக்கமல்ல. என்றாலும் தாங்கியின் வாய்க்குள்ளோ கழிவுக் குழிக்குள்ளோ முகத்தை விட்டுப் பார்க்கக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

நாற்றமே நோயைக் கொண்டுவருகிறது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களும் நம்பினார்கள். 1858ஆம் ஆண்டுக் கோடையில் லண்டனின் தேம்ஸ் நதி தாங்கமுடியாமல் நாறியபோது, நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைக் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் தோய்த்துத் தொங்கவிட்டார்கள். அதற்கு நான்கு வருடம் முன்பே, 1854இல், வாந்திபேதி பரவுவது காற்றால் அல்ல, கழிவு கலந்த குடிநீரால் என்று ஜோன் ஸ்னோ என்ற மருத்துவர் ஒரு தெருவின் தண்ணீர்ப் பம்பைக் காட்டி வாதாடியிருந்தார். அவர் சொன்னதே சரி. இன்றைக்கும் பாடம் அதுதான். மணம் மூக்குக்குத் துன்பம். தொற்று வருவது கையாலும் வாயாலும். ஆனால் மணம் ஒரு அறிகுறி. காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் மாத்திரை மட்டும் போடுவது எப்படிப் பிழையோ, நாற்றத்துக்கு வாசனைத் திரவியம் அடிப்பதும் அப்படியே பிழை.

வாகனத்துக்குள் கழிவு எப்படி ஓடுகிறது?

பெரும்பாலான மோட்டார் ஹோம்களில் மூன்று தாங்கிகள் உண்டு. ஒன்று நல்ல தண்ணீருக்கு. சமையல் தொட்டியிலும் குளிக்கும் இடத்திலும் இருந்து வரும் நீர் சேர்வது சாம்பல் தாங்கி. மலசலகூடத்துக் கழிவு சேர்வது கறுப்புத் தாங்கி. கழிவுத் தாங்கிகளின் காற்று வெளியேறக் கூரைக்கு மேல் ஒரு குழாய் போகும்.

தாங்கிக்கும் எமது மூக்குக்கும் நடுவில் நிற்பது கொஞ்சத் தண்ணீர்தான். ஒவ்வொரு தொட்டிக்கும் கீழே குழாய் வளைந்து போகும். அந்த வளைவில் தேங்கும் தண்ணீர், வாயு மேலே வராமல் பூட்டுப் போல அடைக்கிறது. இந்த வளைகுழாயை மலசலகூடத்தோடு சேர்த்து 1775இல் லண்டனில் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி. எமக்கும் இது புதிதல்ல. ஊரில் வாளித் தண்ணீர் ஊற்றும் மலசலகூடத்தின் கோப்பைக்குக் கீழேயும் இதே தண்ணீர்ப் பூட்டுத்தான் இருந்தது.

மோட்டார் ஹோமின் மலசலகூடத்தில் மட்டும் வளைகுழாய் இல்லை. கீழே ஒரு கதவு. காலால் மிதித்தால் திறக்கும், விட்டால் மூடும். அதைச் சுற்றி ஒரு றப்பர் வளையம். அதன் மேல் தேங்கும் சிறிதளவு தண்ணீர்தான் அங்கே பூட்டு.

மூன்று கேள்விகளால் இடத்தைக் கண்டுபிடித்தல்

தேடுமுன் வாகனத்தைக் காற்றோட விட்டு, எல்லோரும் பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள். நாற்றத்துக்குள்ளேயே இருந்த மூக்கு அதற்குப் பழகிவிடும். பிறகு ஒருவர் மட்டும் உள்ளே போய்த் தொட்டி வாய், குளிக்கும் இடம், மலசலகூடத்தின் அடி, அலுமாரிக்குள் என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கட்டும். பதிலுக்கு ஏற்றபடி காரணம் மாறும்.

1. ஓடிய பிறகு, அல்லது பல நாள் நின்ற பிறகு மணக்கிறது.
வளைகுழாயில் தண்ணீர் இல்லை. வாகனம் குலுங்கும்போது அது சிந்திப் போகும், நிற்கும்போது வற்றிப் போகும். பெரும்பாலும் யாரும் பாவிக்காத குளிக்கும் இடமே குற்றவாளி. எமது வாகனத்திலும் அதுதான் முதல் காரணம். முகாமில் குளிக்கும் வசதி இருந்ததால் உள்ளே ஒருவரும் குளிக்கவில்லை. ஒவ்வொரு வாயிலும் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றியதும் பாதி நாற்றம் நின்றது. ஓடும்போது தொட்டிகளின் வாயை மூடியால் அடைத்து வையுங்கள்.

2. மலசலகூடம் பாவித்த பிறகு, கூரை விசிறி ஓடும்போது மணக்கிறது.
இதுவே எமது இரண்டாவது காரணம். மாமியார் கூச்சத்தால், போகும்போதெல்லாம் கூரை விசிறியைப் போட்டுவிட்டுத்தான் போனார். விசிறி காற்றை வெளியே இழுத்தால் அந்த இடத்துக்கு வேறு எங்கிருந்தோ காற்று வரவேண்டும். ஜன்னல் மூடியிருக்க, காலால் மிதித்துக் கதவைத் திறந்ததும் தாங்கிக்குள் இருந்த காற்றே மேலே வந்தது. நாற்றத்தை மறைக்க அவர் போட்ட விசிறிதான் நாற்றத்தை இழுத்து விட்டது. அவர் பிழை அதில் எள்ளளவும் இல்லை. செய்யவேண்டியது: விசிறியை நிறுத்தி, மேல் மூடியை மூடி, பிறகு மிதியுங்கள். கதவு மூடிய பின் ஒரு ஜன்னலைச் சற்றுத் திறந்து விசிறியைப் போடலாம்.

3. மலசலகூடத்தில் எந்த நேரமும் மணக்கிறது.
கோப்பையில் சிறிது தண்ணீர் விட்டு, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். தண்ணீர் இறங்கியிருந்தால் றப்பர் வளையம் சரியாக மூடவில்லை. கையுறை போட்டு, கதவைத் திறந்து, வளையத்தின் ஓரத்தில் படிந்ததைச் சவர்க்கார நீரால் துடையுங்கள். காய்ந்திருந்தால் சிலிக்கோன் கிறீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். வஸ்லீன் போன்ற பெற்றோலியப் பொருட்கள் வேண்டாம், றப்பரைக் கெடுக்கும். வெடித்த வளையத்தை மாற்றத்தான் வேண்டும். தண்ணீர் நிற்கிறது, ஆனால் இருக்கை அசைகிறது, அடியில் ஈரம் என்றால், தரையோடு பொருந்தும் இடத்திலுள்ள வளையம் பழுது. அது திருத்துநர் வேலை.

4. சமையல் தொட்டிக்குக் கீழே, அலுமாரியைத் திறந்தால் மணக்கிறது.
அங்கே குழாயின் உச்சியில் கறுப்பு நிறத்தில் சிறிய மூடி போன்ற ஒன்று இருக்கக்கூடும். அது காற்றை உள்ளே மட்டும் விடும் ஒருவழி வால்வு. உள்ளேயுள்ள றப்பர் ஒட்டிக்கொண்டால் தாங்கிக் காற்று வெளியே வரும். பெரும்பாலும் கையால் சுழற்றிக் கழற்றக்கூடியது, விலையும் குறைவு, வன்பொருள் கடையில் கிடைக்கும்.

5. சுடுதண்ணீர் திறந்தால் மட்டும் கூழ்முட்டை மணக்கிறது.
இது கழிவுத் தாங்கி அல்ல. சில முகாம்களின் கிணற்று நீரிலுள்ள சல்பேற்றை, சுடுநீர்க் கலனுக்குள் வளரும் பக்ரீரியாக்கள் ஐதரசன் சல்பைட்டாக மாற்றுகின்றன. கலனை ஆறவிட்டு, மின்சாரத்தையும் எரிவாயுவையும் நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே வடிக்க வேண்டும். அதன்பின் நல்ல தண்ணீர்த் தொகுதியைக் குளோரினால் சுத்தம் செய்யுங்கள். வாசனை சேர்க்காத சாதாரண வீட்டுக் குளோரின் திரவம் 60 மில்லிலீற்றர், 57 லீற்றர் தண்ணீருக்கு. எல்லாக் குழாய்களிலும் அதன் மணம் வரும்வரை ஓடவிட்டு, நான்கு மணி நேரம் நிற்கவிட்டு, மணம் போகும்வரை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். அதுவரை ஒருவரும் குடிக்கக்கூடாது.

6. காரணம் ஒன்றும் தெரியவில்லை, எல்லா இடமும் மணக்கிறது.
கூரைக் குழாய் இலை, குளவிக்கூடு, பறவைக்கூடு ஏதாவதால் அடைபட்டிருக்கலாம். அல்லது குழாய் கழன்று தாங்கிக்குள் இறங்கியிருக்கலாம். வெளியேற வழியில்லாத வாயு உள்ளே வழி தேடும். இதற்காகக் கூரையில் ஏறவேண்டாம். கூரையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவருக்கு நாற்றம் ஒரு பொருட்டாகவே தெரியாது. திருத்துநரை அழையுங்கள். சில குழாய் வேலைக்காரர்கள் பெப்பர்மின்ற் எண்ணெயைச் சுடுநீரில் கலந்து கூரைக் குழாய் வழியே ஊற்றி, உள்ளே இன்னொருவரை நிறுத்தி, எந்த மூலையில் அது மணக்கிறது என்று பார்ப்பார்கள். ஊற்றியவர் உள்ளே வரமாட்டார். அவர் கையின் மணமே சோதனையைக் குழப்பிவிடும்.

தாங்கி நாறாமல் இருக்க

கறுப்புத் தாங்கிக்குத் தேவை தண்ணீர். வெறுமையாக்கியதும் பத்து லீற்றராவது ஊற்றி வையுங்கள். முகாமில் நிற்கும்போது அதன் வால்வைத் திறந்தே விடாதீர்கள். திறந்திருந்தால் நீர் மட்டும் ஓடிப்போகும், திண்மம் அடியில் குவிந்து காய்ந்து இறுகும். அதன் பிறகு எந்த மருந்துக்கும் அசையாது. மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பின் ஒரேயடியாகத் திறந்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போகும்.

எமது மக்கள் தண்ணீரால் கழுவும் பழக்கம் இங்கே நன்மையே செய்கிறது. கடதாசி குறையும், தண்ணீர் கூடும். தாங்கி சற்று விரைவாக நிறையும், அவ்வளவுதான். கடதாசி பாவிப்பவர்கள் ஒரு துண்டை மூடியுள்ள போத்தலில் தண்ணீருடன் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். நூல்நூலாகக் கரைந்தால் நல்லது. குழந்தைக்குத் துடைக்கும் ஈரத் தாள்களைக் கழிவாகலாம் என்று எழுதியிருந்தாலும் போடவேண்டாம்.

சாம்பல் தாங்கியில்தான் எமது குசினி தெரியும். கறி எண்ணெய், தேங்காய்ப்பால், அரிசி கழுவிய நீர், மீன் கழுவிய நீர் எல்லாம் அங்கே போய்ப் புளிக்கும். இரண்டு நாள் வெயிலில் அது கறுப்புத் தாங்கியையும் வென்றுவிடும். கோப்பைகளைக் கழுவுமுன் கடதாசியால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மீனை வீட்டிலேயே துப்புரவு செய்து கொண்டுபோங்கள். தொட்டி வாய்க்கு வலை வையுங்கள்.

தாங்கிக்கு மருந்து வாங்கினால் நொதியம் அல்லது நல்ல பக்ரீரியா கொண்டதை வாங்குங்கள். போமல்டிகைட் உள்ளவை கண்ணையும் மூச்சையும் எரிக்கும், கழிவை உடைக்கும் பக்ரீரியாக்களையும் கொல்லும். குளோரின் திரவத்தைக் கழிவுத் தாங்கிக்குள் ஊற்றவே கூடாது. சிறுநீரில் உண்டாகும் அமோனியாவுடன் சேர்ந்தால் நெஞ்சை அரிக்கும் வாயு வரும். அமிலம் கலந்த மலசலகூடத் துப்புரவுத் திரவத்துடன் சேர்ந்தால் குளோரின் வாயுவே வரும்.

குளிர்காலத்துக்கு வாகனத்தை மூடும் சொந்தக்காரர்கள் வளைகுழாய்களில் உறைதடுப்பித் திரவம் ஊற்றுவது வழக்கம். மோட்டார் ஹோமுக்கென விற்கும் இளஞ்சிவப்பு நிறத் திரவத்தையே பாவியுங்கள். கார் இயந்திரத்துக்கு ஊற்றும் எதிலீன் கிளைகோல் இனிப்பாக இருக்கும், குழந்தை குடித்தால் சிறுநீரகத்தையே அழித்துவிடும்.

வெறுமையாக்கும்போது

கழிவகற்றும் நிலையத்தில் ஒருவர் மட்டும் வேலை செய்யட்டும், பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும். தண்ணீர் புகாத கையுறை போடுங்கள். குழாயை இறுக்கிப் பொருத்திய பின் முதலில் கறுப்புத் தாங்கியைத் திறந்து, அது முடிந்ததும் சாம்பல் தாங்கியைத் திறவுங்கள். பின்னால் வரும் சவர்க்கார நீர் குழாயைக் கழுவிவிடும். கழிவுக் குழாயைக் கழுவும் ஹோஸால் ஒருபோதும் குடிதண்ணீர் நிரப்பாதீர்கள். அந்த இடத்துக் குழாய்வாயைப் பலரும் அழுக்குக் கையால் தொட்டிருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

முடிந்ததும் கையுறையைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டு இருபது வினாடி கை கழுவுங்கள். போத்தலில் வரும் அற்ககோல் திரவம் போதாது. சத்தியும் வயிற்றோட்டமும் தரும் நோரோ வைரஸ் அதற்கு அவ்வளவாக மசியாது.

கடைசியாக, பெரியவர்களைப் பற்றி

1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்துபோனவர்களில் நாமும் இருந்தோம். அப்போது நாம் மருத்துவ மாணவர். பாடசாலைகளிலும் கோயில்களிலும் சனம் நிரம்பி வழிந்தது, மலசலகூடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெண்கள் பகலில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். இருட்டும்வரை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். சலக்கடுப்பு என்று வந்த தாய்மாரை அங்கே நாம் பார்த்தோம். மாமியாரும் அந்தச் சனத்தில் ஒருவர். அன்று போக இடமில்லாமல் அடக்கியவர், இத்தனை வருடம் கழித்து, ஐந்தடி தூரத்தில் மலசலகூடம் இருந்தும் எமது முகச்சுளிப்பைக் கண்டு அடக்கினார். ஒரு வளைகுழாய்க்கு ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றத் தெரியாததால் வந்த வினை அது.

வயதானவர்கள் தாங்களாகச் சொல்லமாட்டார்கள். எனவே பயணத்தின்போது இவற்றைக் கவனியுங்கள்:

• தேநீர், தண்ணீர் வேண்டாம் என்கிறார்களா? சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகிறதா?
• எழும்பும்போது தள்ளாடுகிறார்களா? வழமைக்கு மாறாகக் குழப்பமாகப் பேசுகிறார்களா? முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று காய்ச்சல் இல்லாமலும் இப்படித் தொடங்கலாம்.
• சிறுநீர் போகவைக்கும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட்டார்களா? நீரிழிவு மருந்துகளில் சிலவற்றை, உடம்பில் நீர் வற்றும்போது தொடர்ந்து எடுப்பது ஆபத்து. புறப்படுமுன் உங்கள் குடும்ப வைத்தியரிடம் கேட்டு வையுங்கள்.
• பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்: நாற்றம் வந்தால் ஆளைப் பார்க்கக்கூடாது, குழாயைப் பார்க்க வேண்டும்.

வாகனத்தை வாடகைக்கு எடுக்கும் அன்றே, கையொப்பம் போடுமுன், எல்லா ஜன்னலையும் மூடிவிட்டுப் பத்து நிமிடம் உள்ளே இருந்து பாருங்கள். ஒவ்வொரு தொட்டியிலும் தண்ணீர் விடுங்கள், மலசலகூடக் கோப்பையில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள், கருவிகளின் பொத்தானை அழுத்துங்கள். "அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். சரியாக வேலை செய்யும் மோட்டார் ஹோம் உள்ளே நாறாது.

மாமியார் சுகமாகி, அடுத்த கோடையிலும் எம்முடன் வந்தார். வாகனத்தில் ஏறியதும் அவர் செய்த முதல் வேலை, ஒரு பேணியில் தண்ணீர் எடுத்துப்போய்க் குளிக்கும் இடத்தின் வாயில் ஊற்றியது. இரண்டாவது வேலை, எமக்கும் தனக்கும் தேநீர் போட்டது.